ஏறுகிறாளா, இறங்குகிறாளா?

மேலகரம்,
9 ஜூன் 2025

அன்புள்ள லெட்சுமிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று நேற்று போனில் கேட்டதற்கு ‘ம்’ என்றாய். அதற்கு முன் ‘மோட்டார் போட்டாச்சா’ என்று நீ கேட்டதற்கு நானும் ‘ம்’ என்றேன். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்த இரண்டு பேர், நாக்பூருக்கும் மேலகரத்துக்கும் நடுவே ஆளுக்கொரு ‘ம்’மைப் போட்டுவிட்டுப் போனை வைக்கிறோம். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கடிதத்தில் ‘ம்’ என்று மட்டும் எழுதி அனுப்ப யாருக்கும் மனசு வராது. தபால்தலைக்காவது மரியாதை வேண்டாமா?

சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்துக்கு வருகிற கார்க்காரர்கள் வழக்கம்போல நம் பெயின்ட் கடை வாசலில் நிறுத்தி, ‘குளிக்க எண்ணெய் இருக்கா?’ என்று கேட்கிறார்கள். டர்பன்டைன் இருக்கிறது, தேய்த்தால் அழுக்கோடு தோலும் போய்விடும் என்கிறேன். ஒருவர் விலை கேட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெயின்ட் கடைக்காரன் வீட்டுச் சுவர் பொரிந்து உதிர்கிறது என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே, இனி உனக்கு அந்தச் சந்தோஷம் கிடையாது. ஹாலுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டிங் கொடுத்தாகிவிட்டது. ஷேட் கார்டில் அந்த நிறத்துக்கு மழைக்கால நினைவு என்ற அர்த்தத்தில் ஏதோ இங்கிலீஷ் பெயர். சுவரில் ஏறிய பிறகு அவித்த சீனிக்கிழங்கு மாதிரி இருக்கிறது. பெயின்டர் முத்துச்செல்வத்தைக் கேட்டால், ‘காய்ஞ்சா சரியாயிரும் அண்ணாச்சி’ என்கிறான். கடையில் நான் எல்லாரிடமும் சொல்லுகிற பொய்யை என் வீட்டிலேயே வைத்து எனக்குச் சொல்கிறான்.

புதுச் சுவர் வெறுமையாக இருந்தது. மதுரையில் பழைய சினிமா போஸ்டர் விற்கிறவர் ஒருவரைப் பிடித்து ஒரு போஸ்டர் வாங்கி, பெயர் எழுதிய ஓரத்தை மடித்துவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலைப் பார்த்து மாட்டிவிட்டேன். ‘செண்பகம் வளர்கிறாள்.’ ஞாபகம் வருகிறதா? மறுவீட்டுக்குக் கீழப்பாவூரில் உங்கள் வீட்டில் இருந்தபோது உன்னைத் தென்காசிக்கு முதல் ஆட்டம் கூட்டிப் போனேன். புதுப் படத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. படம் பார்க்காமல் திரும்பினால் உன் அண்ணன் தில்லைநாயகம் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார் என்று பயந்து, இருபது வருஷப் பழசான இந்தப் படத்துக்குள் புகுந்தோம். தாயில்லாப் பெண் செண்பகம், டீச்சர் டிரெயினிங் படிக்கிறேன் என்று அப்பாவைத் தனியே விட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியோடு டவுன் பஸ் ஏறுவாள். இரண்டு ஸ்டாப் போனதும் மனசு கேட்காமல் இறங்கி வந்துவிடுவாள். லைட் போட்டார்கள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

போஸ்டரில் இருப்பது அந்த இடம்தான். ஒரு கால் பஸ் படியில், ஒரு கால் தரையில். இறங்குகிறாள். முகத்தில் வீட்டு நினைப்பு அப்படியே தெரிகிறது.

நாக்பூரிலேயே இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, தென்காசிக்குத் திரும்புகிறாயா என்று ஜூலை முப்பத்தொன்றுக்குள் உன் பேங்கில் சொல்ல வேண்டும் என்றாயே, அதற்கும் இந்தப் போஸ்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுவர் காலி. அவ்வளவுதான்.

படம் எடுப்பாகத் தெரியட்டும் என்று மேலே ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டேன். பெருக்க வந்த மாடத்தி பார்த்தாள். ‘இது உங்க குடும்பத்துக் கன்னியாய்யா?’ என்றாள். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணைச் சாமியாக்கிக் கும்பிடுவார்களே, அந்தக் கன்னி. நான் பதில் சொல்வதற்குள் கண்ணாடியில் செண்பகத்தின் நெற்றிக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். மறுநாள் பிச்சிப்பூச் சரமும் ஏறிவிட்டது.

எதிர்வீட்டுப் பாலம்மாளும் வந்து பார்த்தாள். ‘முகம் அன்னைக்குப் பாத்தாப்பலயே இருக்கு பாருங்க’ என்று மூக்கைச் சிந்தினாள். பழைய நடிகைமேல் அவளுக்கு இத்தனை பிரியமா என்று எனக்கு ஆச்சரியம். காபி கொடுத்தேன், வேண்டாம் என்றாள். ‘வாரேன்’ என்றுகூடச் சொல்லாமல் விறுவிறுவென்று போய்விட்டாள். என்ன கோபமோ.

போட்டோ ஒன்று வாட்ஸப்பில் அனுப்புகிறேன். பார்த்துவிட்டு ‘ம்’ போடாதே. எழுது.

உன்,
சங்கர்

*

நாக்பூர்,
17 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் செத்துப்போனது உங்களுக்குத் தெரியுமா?

வெள்ளிக்கிழமை கேஷ் முடிக்கிற நேரத்தில் அண்ணன் போன் பண்ணினான்.

‘ஏட்டி லெட்சுமி, நீதானா பேசுத?’

‘நான்தான்.’

‘நெசமாவே நீதானா?’

‘பின்ன யாரு, என் பேயா பேசும்?’

‘அப்பம் மேலகரத்துல உன் படத்துக்கு லைட் போட்டு மாலை போட்டிருக்காம்லா! பாலம்மா கீழப்பாவூருக்கு வந்த இடத்துல சொல்லி அழுதிருக்கா. மாப்பிள எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!’

நான் செத்ததைவிடத் தனக்குச் சொல்லியனுப்பவில்லை என்பதில்தான் அண்ணனுக்குக் கோபம். வீடியோ காலில் முகத்தைக் காட்டிய பிறகும், ‘இது பழைய வீடியோ இல்லையே?’ என்று கேட்டான். பாலம்மாள் ஏன் ‘வாரேன்’ சொல்லாமல் போனாள் என்று இப்போதாவது புரிந்ததா? துட்டி வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு புறப்படுவார்களா? காபி வேறு நீட்டியிருக்கிறீர்கள். பெண்டாட்டி போன துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். முதலில் அந்தப் பல்பைக் கழற்றுங்கள்.

போட்டோவைப் பார்த்தேன். சுவர் சீனிக்கிழங்கு இல்லை, சேப்பங்கிழங்கு.

அந்தப் பெண் இறங்கவில்லை அத்தான். ஏறுகிறாள். என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. சந்தேகமாக இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போனில் தேடிப் பிடித்து முழுசாகப் பார்த்தேன். அவள் இறங்கி வருவதோடு படம் முடியவில்லை. அதற்குமேல் ஒரு பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடுகிறது. மறுநாள் திரும்பவும் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். நடுவில் என்ன நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். நீங்களே பாருங்கள்.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. போன வாரம் கடையில் ‘ஒரு லிட்டர் பால்’ என்று தைரியமாகக் கேட்டேன். கடைக்காரர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இந்தியில் அது தலைமுடியாம். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என் இந்தி இந்த லட்சணத்தில் இருக்கிறது. ஆனால் ஸ்கூட்டர் நன்றாக ஓட்டுகிறேன். மேம்பாலத்தில்கூட. தென்காசியில் உங்கள் முதுகைத் தவிர வேறு எந்த ரோட்டையும் நான் பார்த்ததில்லை என்பது இங்கே வந்துதான் தெரிந்தது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து, விளக்குப் போடாமல், யாரும் எதுவும் கேட்காமல், கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அது பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறதே என்று பயமாகவும் இருக்கிறது. இதைப் போனில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் ‘ம்’ சொல்கிறேன்.

மிளகாய்வற்றல் டப்பாவுக்குப் பின்னால் சுக்குப்பொடி இருக்கிறது. சாரல் நேரம், தலையில் ஈரத்தோடு திரியாதீர்கள்.

அன்புடன்,
இராமலட்சுமி

*

மேலகரம்,
25 ஜூன் 2025

செத்துப் பிழைத்த லெட்சுமிக்கு,

பல்பைக் கழற்றியாகிவிட்டது. பாலம்மாளைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். ‘அப்பம் அக்கா இருக்காவளா!’ என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. மாடத்திதான் மசியவில்லை. ‘சினிமாக்காரியோ என்னவோ, கன்னின்னு பொட்டு வச்சாச்சு, எடுக்கப்படாது’ என்கிறாள். ஆகவே செண்பகம் நம் வீட்டில் குங்குமத்தோடுதான் இருக்கிறாள்.

படம் நீ சொல்வதுபோல் முடியாது. நான் பார்த்திருக்கிறேன். நீயும் பக்கத்தில் இருந்தாய். நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கே ஒரு நிமிஷம் ஆட்டம் கண்டுவிட்டதால், வியாபாரத்தைப் போட்டுவிட்டு ஊரையே விசாரித்தேன்.

பக்கத்துத் தையல் கடை சுல்தான் பீவியிடம் போட்டோவைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, ‘எறங்குதா. தாவணிய இடுப்புல சொருகியிருக்கா பாருங்க. வீட்டுல சோலி கெடக்கு, அந்த அவசரம்’ என்றார். படம் எப்படி முடியும் என்றேன். ‘வீட்டுக்கு வந்துருவா. நல்ல பிள்ள’ என்றார். சைக்கிள் கடைக்காரர் சொன்னதும் அதுதான். ஜவுளிக்கடை மேனேஜர் சொன்னதும் அதுதான்.

பிறகு கண்டக்டர் இசக்கிமணி எனாமல் பெயின்ட் வாங்க வந்தான். பஸ் விஷயம் பஸ்காரனுக்குத் தெரியாதா என்று காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

‘ரெண்டும் இல்ல அண்ணாச்சி. புட்போர்டு அடிக்கா. இதுகளத்தான் நான் தெனமும் உள்ள போ உள்ள போன்னு கத்துதேன்.’

இதற்குள் டப்பா எடுக்க வந்த முத்துச்செல்வம் எட்டிப் பார்த்தான். அவன் ஆலங்குளத்துக்காரன்.

‘இந்தப் படமா? கடைசில போயிருவாள்லா.’

‘எங்கலே போயிருவா?’

‘டவுனுக்கு. ஆலங்குளத்துல நாங்க பாக்கும்போ போயிட்டாளே அண்ணாச்சி.’

‘ஆலங்குளத்துல போனவ தென்காசியில எப்படிலே திரும்பி வந்தா?’

கடையே சிரித்தது. படம் பார்க்கப் போன இடத்தில் தூங்கியிருப்பான் என்று தீர்ப்பாயிற்று. எல்லாரும் போன பிறகு பார்த்தால் நான் மட்டும் சிரிக்கவில்லை. ஆலங்குளத்திலும் நாக்பூரிலும் அவள் போகிறாள், தென்காசியில் மட்டும் வருகிறாள். இதென்ன கூத்து? போனில் நீ பார்த்தது யாராவது மாற்றி ஒட்டிய படமாக இருக்குமோ? கம்ப்யூட்டரில் இப்போது என்னென்னவோ செய்கிறார்களாமே.

நீ விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பதாக எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நேற்றுச் சாயந்திரம் நானும் ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. மாடத்தி உள்ளே வந்தவள் என்னைப் பார்த்து, ‘யாத்தீ!’ என்று அலறிச் சொம்பைக் கீழே போட்டுவிட்டாள். எனக்கு அது சரிப்பட்டு வரவில்லை. உனக்கு எப்படி வருகிறது?

உன்,
சங்கர்

*

நாக்பூர்,
3 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

தையல் கடையைக் கேட்டீர்கள், சைக்கிள் கடையைக் கேட்டீர்கள், கண்டக்டரைக் கேட்டீர்கள். பன்னிரண்டு நிமிஷம் உட்கார்ந்து நீங்களே பார்க்க மட்டும் முடியவில்லை. மாற்றி ஒட்டுவதாவது! செண்பகத்தை ஊரைவிட்டு அனுப்புவதில் எவனுக்கு என்ன லாபம்?

நான் அன்றைக்கு அழுதேன் என்று எழுதியிருந்தீர்கள். அழவில்லை. லைட் போட்டதும் கூட்டம் மொத்தமும் எழுந்து வாசலுக்கு ஓடியது. தரை டிக்கெட்டில் கிளம்பிய மண்ணெல்லாம் என் கண்ணில். அதைத்தான் துடைத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, ‘ஓடு, ஓடு, பஸ் போயிரும்’ என்று இழுத்துக்கொண்டு ஓடினீர்கள். நீங்கள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை என்பதால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத் திரையில் படம் முடிந்ததற்கு ‘வணக்கம்’ போடவே இல்லை. பஸ்ஸில் வரும்போது, ‘அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆனா?’ என்று உங்களிடம் கேட்க வாயெடுத்தேன். கல்யாணமாகி ஐந்தாம் நாள். இப்படியெல்லாம் கேட்டால் மாப்பிள்ளை நம்மை மக்கு என்று நினைத்துவிடுவாரோ என்று விட்டுவிட்டேன். அப்படியே விட்டதுதான். இப்போது நானே பார்த்துக்கொண்டேன்.

நேற்று ரீஜனல் மேனேஜர் திரும்பவும் கேட்டார். இருக்கிறேன் என்றால் இரண்டு வருஷம், இந்தக் கிளை முழுக்க என் பொறுப்பு. வேண்டாம் என்றால் தென்காசியில் பழைய சீட். பெங்களூருக்குப் போன் போட்டு அபர்ணாவைக் கேட்டேன். நம் மகள் நம் மகள்தான். ‘அது உங்க லைஃப் அம்மா’ என்று சொல்லிவிட்டு, அவளுடைய வாஷிங் மெஷின் ஏன் தண்ணீர் கக்குகிறது என்று என்னிடம் கேட்டாள்.

சொம்பு நசுங்கிவிட்டதா?

அன்புடன்,
இராமலட்சுமி

*

மேலகரம்,
12 ஜூலை 2025

அன்புள்ள லெட்சுமிக்கு,

சொம்பு நசுங்கவில்லை. நான்தான் நசுங்கிப்போயிருக்கிறேன். கேள்.

‘வணக்கம்’ போடவில்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் நேரே வல்லிநாயகம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அந்தத் தியேட்டர் முதலாளி. தியேட்டர் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டது. அண்ணாச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, குரல் மட்டும் இன்னும் இரண்டாம் ஆட்டத்துக்குக் கூவுகிற குரல்.

‘அண்ணாச்சி, “செண்பகம் வளர்கிறாள்” நம்ம தியேட்டர்ல எப்படி முடியும்?’

‘ஒம்பது மணிக்கு முடியும்.’

‘அதில்ல அண்ணாச்சி. கதை.’

‘கதையக் கொண்டு ஒடப்புல போடு. கீழப்பாவூருக்குக் கடைசி பஸ்ஸு ஒம்பதே காலு. தரை டிக்கெட்டு பூரா அந்த ஊருச் சனம். படம் ஒம்பதே காலு வரைக்கும் ஓடிச்சுன்னா அம்புட்டும் எங்கன போவும்? என் தியேட்டர் வாசல்லதான படுக்கும்? அதான் படம் நீளம்னா கடைசி ரீலை ஓட்டாம பொட்டியிலேயே வச்சிருவோம்.’

‘எல்லாப் படத்துக்குமா?’

‘நீளமான படத்துக்கு மட்டுந்தாம்ல. நாங்க என்ன அக்கிரமமா பண்ணுதோம்?’

‘கடைசி ரீல்லதான அண்ணாச்சி வில்லன் சாவான்?’

‘சில பேரு சாவல. அதுக்கு என்ன செய்யச் சொல்லுத? ஒருத்தனும் வந்து டிக்கெட்டுக் காசத் திருப்பிக் கேக்கலியே.’

‘மேட்னிக்கு என்ன அண்ணாச்சி அவசரம்? அப்பவாவது முழுசாப் போட்டிருக்கலாம்லா.’

‘பொட்டியில வச்சத ஆட்டத்துக்கு ஆட்டம் யாரு எடுத்து எடுத்து வைப்பா? படம் எங்கன முடியுதுன்னு பாக்கதுக்கா சனம் வருது? வீட்டுக்குப் போக பஸ்ஸு இருக்கான்னுலா பாக்கும்.’

அங்கிருந்து அந்த மண்டபத்துக்குப் போய், தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டு இருந்த இடத்தில் நின்றேன். தென்காசித் தாலுகாவில் எத்தனை ஆயிரம் பேர் எத்தனை படங்களின் முடிவைத் தப்பாகத் தெரிந்துகொண்டு, அதையே நம்பிப் பிள்ளைகுட்டி பெற்று, அவர்களுக்குப் புத்தியும் சொல்லியிருப்பார்கள்! எத்தனை வில்லன்கள் இந்த ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்! பஸ் ஏறிய பெண் இரண்டு ஸ்டாப்பில் இறங்கி வந்துவிடுவாள் என்று நான் இருபத்தைந்து வருஷமாக நம்பியிருக்கிறேன். நீ நாக்பூர் ரயில் ஏறியபோது ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டு கையாட்டினேனே, எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. கீழப்பாவூர்க் கடைசி பஸ்ஸிலிருந்து வந்திருக்கிறது.

முத்துச்செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். ‘நான் அப்பமே சொன்னேம்லா, நான் தூங்கலன்னு’ என்றான். அதோடு விட்டானா? ‘அப்பம் மைனி போயிருவாவளா அண்ணாச்சி?’ என்றான், உன்னைத்தான். டப்பாவை எடுத்துக்கொண்டு போடா என்றேன்.

போனில் அந்தப் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். செண்பகம் இறங்குகிற இடம்வரை பார்த்துவிட்டு நிறுத்தினேன். தென்காசியில் லைட் போடுகிற இடம் அது. அதற்குமேல் விரல் போகமாட்டேன் என்கிறது. மூன்று நாளாக அவள் ஒரு கால் தரையில் வைத்தபடி என் சட்டைப்பையில் நிற்கிறாள்.

போஸ்டரைக் கழற்றவா, இருக்கட்டுமா? கழற்றினால் சுவரில் ஆணி ஓட்டை தெரியும். இருந்தால் தினமும் பார்க்க வேண்டும்.

சுக்குப்பொடி கிடைத்தது. காலாவதியாகி எட்டு மாதம். குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை.

உன்,
சங்கர்

*

நாக்பூர்,
19 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கேபினில் வைத்துப் படித்து, ‘சில பேரு சாவல’ என்ற இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். கேஷியர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். தமிழில் விளக்கினாலே புரியாது, இந்தியில் எங்கே போய் விளக்குவது?

சிரித்து முடித்த பிறகு, ‘எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது’ என்ற இடத்தைத் திரும்பப் படித்தேன். அப்புறம் வேலை ஓடவில்லை.

அத்தான், போகட்டுமா என்று உங்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை. வரட்டுமா என்றும் கேட்கவில்லை. எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஒரு நாள் காலையில் வண்டியை எடுக்கும்போது, இங்கேயே இருந்துவிடலாம் என்று அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அன்று மத்தியானமே யாரோ டிபன் பாக்ஸைத் திறக்க, தேங்காய் அரைத்த வாசம் வருகிறது. பாத்ரூமில் போய் முகம் கழுவிவிட்டு வருகிறேன். நாற்பத்தொன்பது வயசில் இப்படியா? ஒரு வாரம் முழுக்க ஒரே பக்கமாக இருக்க மாட்டேன் என்கிறது மனசு.

நீங்கள் ‘வா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் வந்துவிடுவேன். அது எனக்குத் தெரியும். அதனால்தான் பயம். வந்த பிறகு என்றைக்காவது குழம்பில் உப்புக் கூடியதற்குச் சண்டை போடும்போது, ‘உங்களால்தான் வந்தேன்’ என்று சொல்லிவிடுவேன். நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலோ, நான் இல்லாமல் இவருக்கு நன்றாகத்தான் ஓடுகிறது போல, போஸ்டர் மாட்டப் பொழுது இருக்கிறது என்று தோன்றும். அதுவும் பயம். சொல்லவும் வேண்டும், சொல்லவும் கூடாது. என்ன செய்வதென்று நீங்களே சொல்லுங்கள். இல்லை, சொல்லாதீர்கள். பார்த்தீர்களா, இதுதான் என் நிலைமை.

முப்பத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை. சாயந்திரம் ஐந்து மணிக்குள் நான் சொல்ல வேண்டும்.

அதற்குள் அந்த மிச்சப் படத்தைப் பார்த்துவிடுங்கள். உங்களிடம் வேறு எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
லெட்சுமி

*

மேலகரம்,
27 ஜூலை 2025, ஞாயிற்றுக்கிழமை

என் லெட்சுமிக்கு,

இன்று மத்தியானம் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். மாடத்திக்கு லீவு கொடுத்துவிட்டேன்.

செண்பகம் வந்துவிட்டதை அவள் அப்பா தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ‘எம்மவ வந்துட்டா, வந்துட்டா’ என்று கறிக்கடையில், வாய்க்கால் கரையில், கேட்காதவனிடம்கூட. கறி எடுத்து வருகிறார். அவள் சமைக்கிறாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார், பேசுகிறார். அவள் ‘ம்’ போடுகிறாள். பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்கிறார் பார், லெட்சுமி, அந்த இடத்தில் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். வாழைக்குத் தண்ணீர் விட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது.

திரும்ப வந்து மீதியைப் பார்த்தேன். விடிந்ததும் அவராகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார். கண்டக்டர், ‘ரெண்டு டிக்கெட்டா?’ என்கிறான். ‘ஒண்ணு’ என்கிறார். பஸ் போன பிறகு, தூக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார். அதோடு வணக்கம். நல்ல படம்தான். இதைப் போய்ப் பெட்டியிலேயே வைத்துவிட்டாரே அந்த மனுஷன் என்று முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு, வைத்தது நல்லதாகப் போயிற்று என்றும் தோன்றியது. இருபத்தெட்டு வயசில் இதைப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு மண்ணும் புரிந்திருக்காது. இப்போதும் முழுக்கப் புரிந்ததாகச் சொல்லமுடியாது.

சொல்லவும் வேண்டும், சொல்லவும் கூடாது என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பெயின்ட் கடைக்காரனுக்கு இவ்வளவு மூளை போதும்.

நம் கடிதம் நாக்பூருக்குப் போக ஆறு நாள் ஆகிறது. ஒரு நாளும் அதற்கு முன்னால் போனதில்லை. இது உன் கைக்கு வரும்போது முப்பத்தொன்று கழிந்திருக்கும். ஐந்து மணிக்கு நீ எதையோ சொல்லியிருப்பாய். தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். அதுவரை போனில் மோட்டார், பால், அபர்ணாவின் வாஷிங் மெஷின், இவ்வளவுதான் பேசுவேன். நீ குத்திக் கேட்டாலும் பேசமாட்டேன். என்னடா இந்த ஆள் இப்படிக் கட்டையாகப் பேசுகிறாரே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஏன் என்று இப்போது தெரிந்துகொள்.

இனி உன்னை ஒரு பக்கமாகவும் இழுக்க முடியாது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். வா, லெட்சுமி. வந்துவிடு என்று சொல்லத்தான் சுவர் அடித்தேன், சட்டம் போட்டேன், மதுரைக்காரனிடம் பேரம் பேசினேன். எல்லாம் பொய். சுவர் ஒன்றும் காலியாக இல்லை. தனியாகச் சாப்பிடும்போது வாய் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. ஒன்றரை வருஷமாக உன் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றவில்லை, மாடத்தியையும் மாற்ற விடவில்லை. யாரிடமாவது ஒரு வம்பு கேள்விப்பட்டால், வீட்டுக்குப் போனதும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று முக்குவரை நினைத்துக்கொண்டு வந்து, கதவுப் பூட்டைப் பார்த்ததும்தான் நினைவு வருகிறது. அந்த வம்பையெல்லாம் நான் யாரிடம் சொல்வது? உனக்கு மட்டும்தான் அது ருசிக்கிற மாதிரிச் சொல்ல எனக்கு வரும்.

சொல்லிவிட்டேன். இதைப் படித்துவிட்டு, சொன்னதை மாற்றப் போய் நிற்காதே. நாக்பூர் என்று சொல்லியிருந்தால் நாக்பூர்தான். அந்த ஊர்ச் சுவர்களுக்கும் பெயின்ட் வேண்டியிருக்கும், பதினைந்து நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். தென்காசி என்று சொல்லியிருந்தால், என் வாயை நம்பி வந்ததாகச் சொல்ல உனக்கு வழியில்லை. உப்புக்கு வேறு காரணம் தேடிக்கொள்.

எது என்று எனக்கு இப்போது தெரியாது. நீ இதைப் படிக்கும்போது எனக்கும் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு இதே மாதிரி எழுத முடியுமா என்று சந்தேகம். சந்தோஷமாக இருந்தால் அலட்டிக்கொள்வேன், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்வேன். என்னை உனக்குத் தெரியாதா?

இன்று ஞாயிற்றுக்கிழமை, தபாலை நாளைக்குத்தான் எடுப்பார்கள். இருந்தாலும் இந்தத் தூறலிலேயே போய் இப்போதே போட்டுவிட்டு வருகிறேன். காலையில் எனக்கு வேறு புத்தி வந்துவிடும்.

உன்,
விஜயசங்கர்